பன்னிரண்டு உரப்பை

பொலிஸ் சார்ஜன் திசேரா படலையைத் தட்டிக் கேட்டு உள்ளே வருகிற ஆள் இல்லை. பட்டா லொறியின் மூக்காலேயே படலையை முட்டித் தள்ளிக்கொண்டு வாடிக்குள் வந்து நின்றார். அரசாங்க உத்தியோகத்தர், மரியாதை குறைத்துச் சொல்லக்கூடாது. கம்புப் படலைதான் மரியாதை தெரியாமல் முனகிக்கொண்டு மணலில் சாய்ந்தது.

காலை ஏழு மணி இருக்கும். ஜுனைதா முந்தாநாள் வெட்டி உப்பிட்ட கட்டா மீனைத் தட்டியில் புரட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல்துறையைத் தாண்டி, கடலோர மணலில், தாழம்புதரை ஒட்டி இருந்தது அவளுடைய கருவாட்டு வாடி. கம்பு நட்டுப் பழைய வலை விரித்த தட்டிகள் ஆறு வரிசை, உப்புத் தொட்டி இரண்டு, கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், அதற்குப் பின்னால் வீடு. இருபது வருடமாக அவள் காயப்போட்ட கருவாடு கொழும்புக்கும் போயிருக்கிறது, கண்டிக்கும் போயிருக்கிறது. புழு வைத்துவிட்டது என்று ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. காய்ந்ததா இல்லையா என்று பார்க்க அவளுக்கு ஒரு முறை உண்டு. தட்டியின் நடுவிலிருந்து ஒரு மீனை எடுப்பாள், வாலைப் பிடித்து வளைத்துப் பார்ப்பாள், விரல் மொழியால் முதுகில் தட்டுவாள். பலகையில் தட்டிய சத்தம் வந்தால் அல்லாஹ்வைப் புகழ்ந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் கூட வேலை செய்கிற றோசமேரி சாக்கைக் கையில் எடுப்பாள். முந்தி எடுத்தால் ஏச்சு விழும்.

சார்ஜன் இறங்கித் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். சிலாபப் பக்கத்து ஆள். தமிழும் சிங்களமும் ஒன்றுபோல வரும். எந்த நேரமும் சிரித்த முகம். அவர் கோபப்பட்டு இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதுதான் ஊருக்குப் பெரிய பயமாக இருந்தது.

"ராத்தா, சுகமா? பிளேன்டி ஒண்டு கிடைக்குமா?"

ஜுனைதாவின் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. சட்டையின் இடப்பக்கப் பொக்கட்டுக்குப் போனது. அவளுடைய மகன் அங்கேதான் இருந்தான்.

மகன் என்றால் மகனுடைய அடையாள அட்டை. மூன்று நாளைக்கு முன் பாண் வாங்கப் போன ஃபாஹிமை ரோட்டில் மறித்து ஐடி கேட்டார். கொடுத்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொக்கட்டில் போட்டுக்கொண்டார். "ஸ்டேஷனுக்கு வந்து எடு மல்லி" என்றார், சிங்களத்தில் தம்பி முறை வைத்து. ஸ்டேஷனுக்குப் போனால் சார்ஜன் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். மறுநாளும் அதே பதில். அட்டை இல்லாமல் படகு இறக்க முடியாது. கரையில் நேவிக்காரர் பாஸையும் ஐடியையும் பார்க்காமல் விடமாட்டார்கள். ஜுனைதாவின் புருஷன் ஹயாத்து முகம்மதுக்குத் தோள்மூட்டு இறங்கி இரண்டு வருடம். தனியே வலை இழுக்க ஏலாது. அதனால் மூன்று நாளாகப் படகு மணலில் கிடந்தது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டாமல் கிடந்தான். தாண்டினால் அடுத்த பொலிஸ்காரன் ஐடி கேட்பான். இல்லை என்றால் ஏறு ஜீப்பில் என்பான்.

பால் போடாத அந்தப் பிளேன்டியை ஊதிக் குடித்துக்கொண்டே சார்ஜன் சாரதிக்குக் கண்ணைக் காட்டினார். அவன் லொறியை மூடியிருந்த படங்கை விலக்கினான். பெரிய உரப்பைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டு இரிக்கு. நனைஞ்சு போச்சு. காயப்போட்டுத் தரணும்."

"என்ன சாமான் சேர்?"

"இலைதான் ராத்தா. வேற ஒண்டும் இல்ல."

உரப்பை வாயை அவிழ்த்தபோது வந்த வாடையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பீடி இலை. அக்கரையிலிருந்து வருகிற கள்ளச் சாமான். ஐந்து நாளைக்கு முன் சோழகக் காற்றின் முதல் வீச்சில் ஒரு படகு கவிழ்ந்து இந்த உரப்பைகள் கரை ஒதுங்கின. பொலிஸ் வந்து, கரையில் நின்ற ஆறு பேரைப் பிடித்து, சாமானை மேலே ஏற்ற வைத்தது. அந்த ஆறு பேரில் றோசமேரியின் புருஷன் யோசேப்பும் ஒருவன். நாற்பத்திரண்டு உரப்பை ஏற்றினோம் என்று வீட்டுக்கு வந்து முதுகுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லிவிட்டுச் சொன்னான். அடுத்த நாள் ரேடியோவில் முப்பது என்றார்கள். யோசேப்பு ரேடியோவை அணைத்துவிட்டான்.

மீதி பன்னிரண்டும் இப்போது ஜுனைதாவின் மணலில் இறங்கிக்கொண்டிருந்தன.

"சேர், எங்களுக்கு இந்த வேலை தெரியாது. நாங்க மீன் காயப்போடுற ஆக்கள்" என்றாள் ஜுனைதா.

"மீன் காயப்போட்டா இலை காயப்போடத் தெரியாதா? வெயில் ஒண்டுதானே!" சார்ஜன் கோப்பையைக் கீழே வைத்தார். இடப் பொக்கட்டைத் தொட்டார். "இதுல மகன்ட ஐடி இரிக்கு." வலப் பொக்கட்டைத் தொட்டார். "இதுல என்ன இரிக்கு எண்டு நான் சொல்லல்ல. ரெண்டும் ஒரே ஆள்ட பொக்கட்டுக்குப் போறதும் போகாததும் ஒங்கட கையிலதான். ரெண்டு நாள் வெயில் போதும் எனக்கு."

வலப் பொக்கட் லேசாகப் புடைத்திருந்தது. வெற்றிலையாக இருக்கலாம், மருந்து மாத்திரையாகவும் இருக்கலாம். ஆனால் ஊரில் இப்போது ஐஸ் என்றால் யாரும் மீனுக்குப் போடுகிற ஐஸை நினைப்பதில்லை. ஒரு சின்னப் பக்கெட் போதைத்தூள் யாருடைய பொக்கட்டிலாவது இருந்ததென்று பொலிஸ் எழுதிவிட்டால், பிணை எடுக்கவே மாதக்கணக்காகும். போன ரமழானுக்கு முன் போன ஒரு பிள்ளை இன்னும் வரவில்லை. அவனுடைய உம்மா சந்தையில் யாரோடும் கதைப்பதில்லை.

ஜுனைதா, கொட்டிலுக்குள் நின்ற ஹயாத்து முகம்மதைப் பார்த்தாள். அவர் வலை ஊசியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுக்குக் காயணும் சேர்?" என்று கேட்டாள்.

"நல்லாக் காயணும். ஒங்களுக்குத் தெரியாத காய்ச்சலா?"

றோசமேரி மெல்ல நழுவப் பார்த்தாள். சார்ஜன் திரும்பாமலே கேட்டார்: "தங்கச்சி, யோசேப்பு சுகமா? முதுகுநோ எப்பிடி?"

றோசமேரி நழுவவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உரப்பையின் மறுமுனையைப் பிடித்தாள்.

கட்டா மீனையெல்லாம் அள்ளித் தொட்டி மேடையில் குவித்தார்கள். அரைகுறையாகக் காய்ந்த மீன். குவித்தால் வேர்த்துவிடும் என்று தெரிந்தேதான் குவித்தாள். மீனைப் பற்றிக் கவலைப்பட இன்றைக்கு மனதில் இடமில்லை. இலைக்கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சொதசொதவென்று இருந்தன. மோட்டரைப் போட்டு நல்ல தண்ணீரில் அலசினாள். உப்பு நின்றால் எந்தச் சாமானும் பனியை இழுக்கும். கருவாட்டுக்காரிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டை அவிழ்த்து, இலை இலையாகப் பிரித்து, தட்டியில் ஒற்றைப் படையாக விரித்து, காற்று அள்ளாமல் மேலே பழைய வலையைப் போட்டுக் கல் வைத்தார்கள். புருஷனும் மகனுமாக நான்கு பேர் குனிந்த முதுகு நிமிராமல் செய்தும் ஆறு வரிசையில் பத்து உரப்பைதான் கொண்டது. மிச்சம் இரண்டையும் அலசி, கொட்டிலுக்குள் மூலையில் பிரித்துப் போட்டாள். நாளைக்குத் தட்டி ஒழிந்தால் பார்க்கலாம்.

கை இரண்டும் தேயிலைச் சாயம் போலக் கறுத்துவிட்டது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை.

"ராத்தா, இந்தக் கையோட நான் எப்பிடிக் கோயிலுக்குப் போற?" என்று றோசமேரி முணுமுணுத்தாள். "ஞாயித்துக்கிழம ஃபாதர்ட கையால நன்ம அப்பம் வாங்கணும். கை நீட்டினாத் தெரிஞ்சிருமே."

"நாக்க நீட்டு. சும்மா வேலையப் பாரு புள்ள."

இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சார்ஜன் போகவில்லை. அதுதான் ஜுனைதா எதிர்பார்க்காதது. சாரதியை அனுப்பிவிட்டு, கொட்டில் நிழலில் பிளாஸ்டிக் கதிரையைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போனைத் தூணில் சாத்தி வைத்துப் படம் பார்த்தார். பொலிஸ் படம். ஊரே கேட்கிற மாதிரிச் சத்தம். துவக்குச் சத்தம் வெடிக்கும் ஒவ்வொரு தரமும் ஹயாத்து முகம்மதின் தோள் துடித்தது. படத்தில் ஒரு நல்ல ஒபீசர், லஞ்சப் பணத்தை மேலதிகாரியின் முகத்தில் விசிறி அடிக்கிறான். சார்ஜன் படத்தை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"பாருங்க ராத்தா, இப்பிடி மனுசர் இரிக்கணும். இல்லாட்டி நாடு எங்க உருப்படுற?"

மெய்யாகவே கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ஜுனைதா ஓர் அடி பின்னால் போனாள். நடிக்கிறவனிடம் தப்பலாம். இந்த மனிதர் நடிக்கவில்லை.

அந்தப் படத்தை ஃபாஹிம் போன மாதமே பார்த்திருந்தான். கடைசியில் அந்த நல்ல ஒபீசர் செத்துப்போவான் என்று அவனுக்குத் தெரியும்.

பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னபோது சார்ஜன் படத்தின் சத்தத்தைக் குறைத்தார். அந்த மரியாதையெல்லாம் அவரிடம் குறைவில்லை. பகல் சாப்பாட்டுக்கும் அங்கேயே இருந்தார். கத்தரிக்காய் போட்ட கட்டாக் கருவாட்டுக் கறி, வெங்காயத்தாள் சுண்டல், பருப்பு. "என்ட வீட்டுல இப்பிடி ஒரு கறி வராது" என்று இரண்டாம் தரமும் சோறு வாங்கினார். ஃபாஹிம் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். சார்ஜன் குனிந்து சாப்பிடும்போது பொக்கட்டின் விளிம்பில் அட்டையின் மூலை தெரிந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். ஜுனைதா அடுப்படியிலிருந்து மகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யா அல்லாஹ், இவன் கையை நீட்டிவிடக்கூடாதே என்று மனதுக்குள் ஓதினாள். ஃபாஹிம் நீட்டவில்லை.

மூன்று மணியளவில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து படலையில் நின்றது. இரண்டு பேர். முடி ஒட்ட வெட்டியிருந்தது. வேட்டியும் இல்லை, சாரமும் இல்லை, ஜீன்ஸ், சப்பாத்து.

"கட்டாக் கருவாடு இரிக்கா?"

கொட்டிலுக்குள் படச் சத்தம் சட்டென்று நின்றது. ஜுனைதா திரும்பிப் பார்த்தாள். கதிரை காலியாக இருந்தது. சார்ஜன் உப்புத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். சிரித்த முகம் இல்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

அந்த நிமிடம்வரை சார்ஜனுக்குப் பயந்தாள். இப்போது சார்ஜனே பயப்படுகிற ஒன்று வந்து நிற்கிறது என்றால், தான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இரிக்கு... இரிக்கு மகன். எத்தின கிலோ?"

"ரெண்டு போதும். இது என்ன இப்பிடி மூடி வெச்சிரிக்கிறீங்க?" ஒருவன் தட்டிகளைப் பார்த்தான். வலைக்கு அடியில் இலைகள் காற்றில் சலசலத்தன. மீன் சலசலக்காது.

"வெளிநாட்டுக்காரர்ட ஹோட்டலுக்கு" என்றாள். எங்கிருந்து வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. "கூரைக்கு வேய எண்டு ஏதோ இல காயப்போட்டுத் தரச் சொன்ன."

அவன் அவளைப் பார்த்தான். அவளுடைய கையைப் பார்த்தான். கருவாட்டை நிறுத்து வாங்கிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். கருவாடு வாங்க வந்தவர்களா, சிவில் உடுப்பில் வந்த மேலிடத்துப் பொலிஸா, இன்றுவரை அது ஒருவருக்கும் தெரியாது. சத்தம் தேய்ந்து போனபின்னும் ஐந்து நிமிடம் கழித்துத்தான் சார்ஜன் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தார். காற்சட்டை முழங்காலில் உப்பு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுக்கொண்டு, "நல்லாச் சமாளிச்சீங்க ராத்தா" என்றார். சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "நல்ல மூள ஒங்களுக்கு."

அந்தப் பாராட்டு அவளுக்கு ஏச்சைவிட மோசமாகப் பட்டது.

அடுத்த நாள் வெயில் வெட்டியெடுத்தது. சோழகமும் கைகொடுத்தது. பகலுக்கு மேல் ஜுனைதா ஒவ்வொரு தட்டியாகப் போனாள். நடுவிலிருந்து ஓர் இலையை எடுத்தாள். விரலுக்கிடையில் வைத்து அழுத்தினாள். 'படக்' என்றது. அடுத்த தட்டியிலும் 'படக்'. ஒரு சொட்டு ஈரம் இல்லை. இரண்டு நாளில் பத்து உரப்பை! பயத்துக்குள்ளேயும் ஒரு வேலைக்காரியின் சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

றோசமேரி சாக்கை எடுத்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சார்ஜனோடு ஒரு வெள்ளை வேனில் ரஸாக் முதலாளி வந்தார். புத்தளத்து ஆள், வீடு வீடாக இலை கொடுத்துப் பீடி சுற்றி வாங்குகிறவர். வந்தவர் கட்டி வைத்த உரப்பைகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஒன்றின் வாயை அவிழ்த்து, ஓர் இலையை எடுத்துச் சுண்டுவிரலில் சுற்றினார்.

இலை மூன்றாகப் பிளந்து விழுந்தது.

இன்னொன்றை எடுத்தார். அது நான்காகப் போனது. உரப்பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கால் பொடி வழிந்தது. காற்று அதைத் தூக்கி ஃபாஹிமின் முகத்தில் அடித்தது.

"யாரு இதக் காயப்போட்ட?"

"நான்தான் நாநா" என்றாள் ஜுனைதா.

"கருவாடா ராத்தா இது? பீடி இலைய ஆராவது வெயில்ல போடுவாங்களா? நிழல்ல காயணும், காத்துல காயணும். மடிச்சா மடியணும். சுத்தினா சுத்திக்கொள்ளணும். இத வெச்சு என்னத்தச் சுத்துற? அடுப்பு பத்த வைக்கத்தான் சரி."

"நல்லாக் காயணும் எண்டு சேர்தான்..."

"நான் வெயில்ல போடச் சொல்லவே இல்லையே ராத்தா" என்றார் சார்ஜன், மிக அன்பாக.

ரஸாக் முதலாளி கொட்டில் மூலையில் கிடந்த இரண்டு உரப்பை இலையைக் கிளறிப் பார்த்தார். வெயில் படாதது. இன்னும் ஈரம். "இது தப்பும். வீட்டுக்குள்ள பரத்தி, நாளைக்குக் காலம பாருங்க. சரியா வந்தா இத மட்டும் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். வியாபாரி. அவருக்கு அதோடு கதை முடிந்தது.

சார்ஜன் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு இடப் பொக்கட்டிலிருந்து அட்டையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மேல ஆக்களுக்குப் பங்கு போகணும் ராத்தா. நான் போய் என்ன கத சொல்ற? இல காஞ்சு பொடியாப் போச்சு எண்டா நம்புவாங்களா? திசேரா தின்னுட்டான் எண்டு செல்லுவாங்க." பெருமூச்சு விட்டார். "ஒரு வழிதான் இரிக்கு. இந்தப் பத்தையும் இந்த வாடியில வெச்சுப் புடிச்சதா எழுதிர்ற. சாமான் இரிக்கு, எடம் இரிக்கு, பொடியன் இரிக்கான். கேஸ் சுத்தமா இரிக்கும்."

ஹயாத்து முகம்மது எழுந்து வந்தார். சார்ஜன் வந்த இரண்டு நாளில் முதல் தரமாக வாயைத் திறந்தார். "சேர், என்னக் கொண்டு போங்க. நான் வாறன். அவன் சின்னப் புள்ள சேர்."

"நாநா, ஒங்கட தோளப் பாத்தா ஜட்ஜ் சிரிப்பாரு. பத்து உரப்பைய ஒங்களால தூக்க ஏலுமா?"

ஃபாஹிம் சுவரில் சாய்ந்து நின்றான். உதடு வெளுத்திருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் வெளுக்கும். ஜுனைதா அதைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. வீட்டுக்குள் ஓடினாள். அலுமாரியைத் திறந்து, உடுப்புக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, தன்னுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து சார்ஜன் முன்னால் நீட்டினாள். அவசரத்தில் அட்டை மணலில் விழுந்தது. குனிந்து எடுத்து, ஊதித் துடைத்து, திரும்ப நீட்டினாள்.

"வாடி என்ட பேருல. காயப்போட்டது நான். கெடுத்தது நான். என்ன எழுதுங்க சேர். புள்ளட ஐடியக் குடுங்க."

"உம்மா!" என்றான் ஃபாஹிம்.

"நீ வாய மூடு."

சார்ஜன் அவளுடைய அட்டையை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். "மூக்கு அப்பிடியே இரிக்கு" என்றார். காற்று வலையை அடித்துக்கொண்டிருந்தது.

சார்ஜன் எழுந்து, ஃபாஹிமின் அட்டையை ஃபாஹிமின் சட்டைப் பொக்கட்டில் தன் கையாலேயே போட்டுத் தட்டிக்கொடுத்தார். ஜுனைதா அந்தக் கையையே பார்த்தாள். அட்டை மட்டும்தான் போனது. வேறொன்றும் போகவில்லை.

"நாளைக்குக் கடலுக்குப் போ மல்லி. நான் மனுசன் இல்லையா? நேத்துப் பாத்த படத்துல கடைசில அந்த நல்லவனக் கொன்னுட்டாங்க. எனக்கு நித்திர வரல்ல, தெரியுமா?"

ஜுனைதாவின் அட்டையைத் தன் இடப் பொக்கட்டில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"நான் எப்ப வரணும் சேர், ஸ்டேஷனுக்கு?"

"ஸ்டேஷனுக்கா? ஒங்கள எழுதி எனக்கு என்ன லாபம் ராத்தா?" சார்ஜன் மெய்யாகவே ஆச்சரியப்பட்டார். "வெள்ளிக்கிழம இன்னொரு லோட் வருது. கடல் இப்பிடிக் கிடக்க, நனைஞ்சுதான் வரும். காயப்போடத் தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும். ஒங்களுக்குத்தான் இப்ப தெரிஞ்சுபோச்சே. வெயில்ல இல்ல, நிழல்ல."

"அப்ப இந்தப் பத்தும்?"

"கொட்டில்லயே கிடக்கட்டும். எரிக்க வேணாம், பீடி மணம் பள்ளிவாசல்துறை வரைக்கும் போகும். கடல்ல போட வேணாம், திரும்பி வரும். எப்ப நான் வந்தாலும் பத்து இரிக்கணும். ஒம்பது இருந்தா வேற கத." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "காலம வாறன், மத்த ரெண்டையும் பாக்க."

அவர் போனபின் ஹயாத்து முகம்மது மணலிலேயே உட்கார்ந்து அழுதார். ஜுனைதா அழவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. மகன் வீட்டில் நிற்கிறான். அட்டை அவன் பொக்கட்டில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு அவளுக்கு அது போதும். இரண்டு உரப்பை இலையையும் அள்ளிக்கொண்டு போய் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் பரத்தினாள். கதிரைகளை வெளியே போட்டாள். தொழுகிற மூலைவரைக்கும் இலை வந்துவிட்டது. மஃரிபை அடுப்படியில், பானைச் சட்டிக்குப் பக்கத்தில் தொழுதாள். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தபோதும் கையிலிருந்து இலை மணம்தான் வந்தது.

விடிகாலை ஸுபஹுக்குப் பிறகு படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. வாசலில் நின்று கேட்டாள். சத்தம் தூரமாகித் தூரமாகி, நேவிக்காரர் நிற்கிற முனையைத் தாண்டிப் போவதுவரை கேட்டுக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. போய்விட்டான். அதன் பிறகுதான் அவளுக்கு ஒன்றொன்றாகப் புரியத் தொடங்கியது. சந்தைக்குப் போக அவளிடம் அட்டை இல்லை. புத்தளத்துக்கு பஸ் ஏற முடியாது, வழியில் இறக்கி ஐடி கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்பார்கள். கொட்டிலில் பத்து உரப்பை இருக்கிறது. வாடி அவள் பேரில் இருக்கிறது. அவள்தான் வாயால் சொன்னாள். சார்ஜனின் பொக்கட்டிலிருந்து மகனை எடுத்து, அந்த இடத்தில் தன்னைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மகன் வெளியே வந்தது சரி. அவள் எப்போது வெளியே வருவாள்?

ஒன்பது மணிக்கு றோசமேரி வந்தாள். அவளும் இரவெல்லாம் தூங்கியிருக்கவில்லை, கண் வீங்கியிருந்தது.

"ராத்தா, எங்கட சொந்தக்காரர்ட ஊருக்குப் போயிருவமா எண்டு எங்கட அவரு கேக்கிறாரு. போனா சார்ஜன் தேடுவாரோ?"

"தேடுவாரு."

"மாதாவே." றோசமேரி குந்தி உட்கார்ந்து, கை பழகிய பழக்கத்தில் இலைகளைப் புரட்டத் தொடங்கினாள். "இது என்ன ராத்தா, மெதுவா இரிக்கே? காயல்லையா?"

ஜுனைதா பக்கத்தில் உட்கார்ந்தாள். இதுவும் கெட்டிருந்தால்? பாயின் நடுவிலிருந்து ஓர் இலையை எடுத்தாள். காய்ந்திருந்தது, ஈரம் இல்லை. ஆனால் 'படக்' என்று சொல்லவில்லை. குறுக்கே மடித்தாள். மடிந்தது. விரித்தாள், விரிந்தது. சுண்டுவிரலில் வைத்துச் சுற்றினாள். ஒரு கீறல் இல்லாமல், விரலைப் பிடித்துக்கொண்டு வழுவழுவென்று சுற்றிக்கொண்டது. இருபது வருடம் கருவாடு போட்ட கைக்கு ஒரே இரவில் புது வேலை பிடிபட்டுவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

றோசமேரி சாக்கை எடுக்கக் கை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்று அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

ஜுனைதா கறுத்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சார்ஜன் பொக்கட்டைத் தொட்டுக் காட்டியபோது வந்த பயம், மோட்டார்சைக்கிள் வந்து நின்றபோது வந்த பயம் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. இந்தப் பயம் உள்ளேயிருந்து வந்தது. யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், மனம் நிறைந்து, கள்ள இலைக்கு அவளே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள்.

வெளியே பட்டாவின் ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. இந்த முறை சார்ஜன் படலையை முட்டவில்லை, நின்று காத்திருந்தார்.

ஜுனைதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படலையைத் திறக்கப் போனாள்.